நாகக்கல்லின் நடுவே

சுதர்சினி அந்தக் கல்லைக் கேட்டு வாங்கப் போனது நவம்பர் இருபத்திரண்டாம் திகதி, ஒரு சனிக்கிழமை. இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மணிநேரம் ஏறினால் குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயம் வரும். அவள் பிறந்த லயம் அது. வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள். காம்பராவுக்கு ஒரு குடும்பம். கடைசிக்கு முந்திய காம்பராவில் அவளுடைய அண்ணன் மகேஸ்வரன், மனைவி அனுஷியாவோடும் ஆறு வயது மகள் விதுஷாவோடும் இருந்தான்.

லயம் முடியும் இடத்தில், பலா மரத்தடியில், தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று. உள்ளே, இரண்டு கையும் சேர்த்து ஏந்தினால் நிறைகிற அளவில் ஒரு கல். ஆட்டுக் கொம்பு போலச் சுருண்டு, வெளிச்சுற்று முழுவதும் வரிவரியாக மேடு கட்டியிருக்கும். லயத்துச் சனங்களுக்கு அது நாகம்மா. சுருண்டு படுத்த பாம்பு. அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்த முதல் ஆட்கள் மடியில் கட்டிக் கொண்டுவந்தது என்பார்கள். மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களில் பாதிப் பேர் வழியிலேயே போய்விட, மீதிப் பேரோடு இந்தக் கல்லும் மலையேறியதாம். மகேஸ்வரன் கொழுந்து மூட்டை தூக்குகிறவன். வெள்ளிக்கிழமைகளில் குளித்துவிட்டு வந்து அதற்கு மஞ்சள் பூசி விளக்கு வைப்பதும் அவன்தான்.

அது பாம்பு இல்லை என்பது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போதே சுதர்சினிக்குத் தெரிந்துவிட்டது. அது அம்மோனைட். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் ஓட்டுக்குள் வாழ்ந்த பிராணி. முப்பத்துநான்கு கோடி வருடம் உலகத்துக் கடல்களிலெல்லாம் நிறைந்திருந்துவிட்டு, ஏறக்குறைய ஆறரைக் கோடி வருடத்துக்கு முன் ஒன்றுகூட மிஞ்சாமல் போன இனம். இப்போது முப்பத்தேழு வயதில், அதே பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டு, அந்த இனம் ஏன் அழிந்தது என்பதைத்தான் ஆறு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். இந்தியாவுக்குப் போய்க் கல் எடுத்து வர இருந்தவள். நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அந்த நிதி நின்றுபோனது. மார்ச்சுக்குள் ஆய்வை முடிக்காவிட்டால் பதிவு இரத்தாகும், வேலையும் போகும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே அம்மோனைட் அண்ணனுடைய கோயிலில் இருந்தது.

அவள் கேட்டதும் மகேஸ்வரன் கோயிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கொண்டு போய் என்ன பண்ணப் போற?"

"பாக்கணும் அண்ணே. பெரிசாக் காட்டுற கண்ணாடியில வச்சுப் பாக்கணும்."

"உடைச்சிர மாட்டியே?"

"இல்லண்ணே. மார்கழி பொறக்கிறதுக்குள்ள கொண்டாந்து வச்சிர்றேன்."

சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெட்டாமல் உள்ளே பார்க்க வழியில்லை. அவனுக்கும் சந்தேகம் இருந்திருக்கலாம். ஆனாலும் கற்பூரம் காட்டிவிட்டு, தன் சாரத்துண்டு ஒன்றில் கல்லைச் சுற்றிக் கொடுத்தான். பக்கத்துக் காம்பரா நல்லம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நாகம்மாவ எங்கடி தூக்கிட்டுப் போற?" என்று கேட்டாள். "பத்திரமாக் கொண்டாந்துருவேன் அத்தை" என்றாள் சுதர்சினி.

குசினியில் அனுஷியா தேத்தண்ணி ஊற்றினாள். விதுஷா சுதர்சினியின் மடியில் ஏறி உட்கார்ந்து, துணியைப் பிரித்துக் கல்லைத் தடவினாள்.

"இது உள்ள என்னதான் இருக்கு சுதா?" என்றாள் அனுஷியா.

"சின்னச் சின்ன அறையா இருக்கும் அண்ணி. பெரிசாகப் பெரிசாக முன்னால ஒரு அறை கட்டிக்கிட்டே போகும். முதல் முதல்ல முட்டைக்குள்ள இருந்தப்பவே கட்டின ஓடு, நட்ட நடுவுல இருக்கும். ரொட்டிக்கு அரைக்கிற குரக்கன் மணி அளவுதான். அதத்தான் நான் பாக்கணும்."

"அதப் பாத்து?"

"இதோட சொந்தக்காரன் ஒருத்தன் இன்னும் கடல்ல இருக்கான், நாட்டிலஸ்னு. அவன் தப்பிச்சுட்டான், இது தப்பிக்கல. அவன் ஆழத்துல பெரிய முட்டையா, கொஞ்சமா இடுவான். குட்டி வெளிய வரும்போதே கட்டுச்சோறோட வர்ற மாதிரி. இதுங்க ஆயிரக்கணக்குல இட்டுச்சு. குட்டிங்க கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத அளவு. மேல் தண்ணியில மெதந்துகிட்டு, அங்க இருக்கிற பாசியையும் பூச்சியையும் தின்னு வளரும். வானத்துல இருந்து பெரிய கல்லு விழுந்து, வெயில் மறைஞ்சு, மேல் தண்ணி கெட்டுப்போச்சு. சாப்பாடு இல்ல."

"குட்டிங்க பட்டினியா செத்துச்சா?"

"அப்பிடித்தான் நாங்க நெனைக்கிறோம்."

அனுஷியா மகளைத் தன் பக்கம் இழுத்து, முகத்தில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் துடைத்துவிட்டாள். பிறகு, "நீ மண்ணு படிச்சவதானே, பின்னால ஒரு எடத்தக் காட்டுறேன், வா" என்று எழுந்தாள்.

குசினிக்குப் பின்னால் சரிவில் ஏறினால், கூரைக்கு மேலே பத்தடி தூரத்தில் மண் வெடித்திருந்தது. கை நுழைகிற அகலம். சுதர்சினி வெடிப்பைத் தொடர்ந்து நடந்து பார்த்தாள். லயத்தின் முழு நீளத்துக்கும் மேலாக அது பிறை போல வளைந்து போனது. அதற்குக் கீழே நின்ற இரண்டு மரங்கள் லயத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன. அடிவாரத்து வடிகானில், மழையில்லாத அன்றைக்கும், கலங்கிய தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. விளங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த மண் இறங்கத் தயாராகிவிட்டது.

"மழை கூடினா இங்க இருக்காதீங்க அண்ணி. எல்லாரும் கீழ கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போயிருங்க."

"மடுவம் பூட்டியிருக்கே. போன வருசமும் தோட்டத்தை நடத்துற தொரைகிட்டச் சாவி கேட்டோம். அரசாங்கத்துல இருந்து காயிதம் கொண்டாங்கன்னுட்டாரு."

"காயிதம் நான் வாங்கித் தாறேன். திங்கக்கெழமையே மாத்தளையில மண்சரிவு பாக்கிற ஆபிஸ்ல எழுதிக் குடுக்கிறேன். அந்த ஆபிஸ்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"அது போதும் சுதா" என்றாள் அனுஷியா.

மாலையில் மலை இறங்கும்போது பையில் கல் கனத்தது. நடை முழுவதும் அவள் கல்லைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை மாத்தளையில் தன் வாடகை அறையிலிருந்து புறப்பட்டபோது அலுவலகம் திறந்திருக்கவில்லை. எட்டரை வரை காத்திருந்தால் ஆய்வுகூடத்துக்குப் போகப் பத்து மணியாகிவிடும். பின்னேரம் வந்து கொடுக்கலாம் என்று ஆறரை பஸ்ஸில் ஏறினாள்.

ஆய்வுகூடத்தில் கல் வெட்டுகிறவர் நளீம். மாத்தளைக்காரர், ஐம்பது வயது, வைரப் பற்கள் பதித்த வட்ட வாளை இருபது வருடமாக ஓட்டுகிறவர். துணியைப் பிரித்ததும், மேடுகளின் இடுக்கில் படிந்திருந்த மஞ்சளையும் எண்ணெய்க் கறுப்பையும் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

"மிஸ், இது கும்பிட்ட கல்லு."

"எங்க வீட்டுக் கல்லுதான் நளீம்."

"வெட்டினாப் பொறகு ஒட்ட ஏலாது. வீட்டுல சொல்லித்தான் கொண்டு வந்தீங்களா?"

"சொன்னேன்."

நளீம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் திறந்தார். நாற்பது நிமிடத்தில் கல் இரண்டாகப் பிரிந்தது. மஞ்சள் கரைந்த தண்ணீர் தொட்டியில் ஓடியது. வெட்டு முகத்தில் அறைகள் தெரிந்தன: வெளியே பெரிதாகத் தொடங்கி, உள்ளே போகப் போகச் சிறுத்து, சுருளாக நடுவை நோக்கி இறங்கின. சுதர்சினி குனிந்து அறைகளை எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு அறையையும் அந்தப் பிராணி ஒரு காலத்தில் கட்டி, அடைத்து, முன்னே நகர்ந்திருக்கிறது.

நடுப்பகுதியை மெல்லத் தேய்த்து மெருகேற்ற வேண்டும்; அவசரப்பட்டால் குரக்கன் மணி தூளாகிவிடும். அன்று மாலை ஆறு மணிக்குத்தான் தலை நிமிர்ந்தாள். மாத்தளை அலுவலகம் நாலேகாலுக்கே மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை கடிதம் எழுத உட்கார்ந்து, இரண்டு வரி எழுதி, இதை மத்தியானம் முடிக்கலாம் என்று மடித்து வைத்தாள். மத்தியானம் மறந்துபோனது. அதற்கு அவளிடம் பின்னாட்களில் எந்த விளக்கமும் இருக்கவில்லை. மறந்துபோனது, அவ்வளவுதான்.

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு நடுப்பகுதியை நுணுக்குக்காட்டியில் வைத்தாள். குரக்கன் மணி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் படிகம் இருந்தது. தண்ணீர் புகுந்து, பழைய ஓட்டைக் கரைத்து, அந்த வெற்றிடத்தில் கல்சைட் வளர்ந்திருந்தது. முதல் மூன்று சுற்றுகளும் இல்லை. மறுபாதியையும் பார்த்தாள். அதிலும் அப்படியே.

"என்ன மிஸ்?" என்றார் நளீம்.

"ஒண்ணுமில்ல. உள்ள ஒண்ணுமே இல்ல."

அப்போதுதான் வெளியே மழைச் சத்தம் அவள் காதில் விழுந்தது. காலையிலிருந்தே பெய்துகொண்டிருந்ததாம். கிழக்கே கடலில் புயல் உருவாகியிருப்பதாக எல்லோருடைய ஃபோனிலும் செய்தி வந்திருந்தது. அவளுடையது பைக்குள் கிடந்தது.

அண்ணனை அழைத்தாள். மூன்றாவது தடவை கிடைத்தது.

"அண்ணே, இப்பவே எல்லாரும் எறங்குங்க. அந்த மண்ணு நிக்காது."

"இந்த மழையில புள்ளைகளத் தூக்கிக்கிட்டு எங்க போறது சுதா? மடுவத்துக்குச் சாவி வேணுமே. காயிதம் குடுத்துட்டியா?"

அவள் மடித்து வைத்த அந்த இரண்டு வரிக் கடிதத்தைப் பைக்குள் தேடினாள்.

"குடுத்திருந்தா ஆபிஸ்ல இருந்து தொரைக்கு ஃபோன் போட்டுச் சொல்லச் சொல்லு. காலையில நான் தொரைகிட்டப் போறேன்" என்றான். பிறகு தொடர்பு அறுந்தது.

வியாழக்கிழமை காலை மாத்தளையில் மின்சாரம் இல்லை. எட்டரைக்கு அவள் அலுவலகக் கதவு முன் நின்றாள். அங்கிருந்த அதிகாரி அவள் சொன்னதைக் கேட்டதும் வேறெதுவும் கேட்காமல் உடனே கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். மொத்தம் இருபது நிமிடம். தோட்டத்துக்கு அழைத்துப் பார்த்தார், இணைப்பு இல்லை. கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு வைத்துக்கொண்டு அவள் வெளியே ஓடிவந்தாள். பஸ் ஓடவில்லை. நளீமை அழைத்ததும் அவர் தம்பியின் ஆட்டோவோடு வந்தார். இரத்தோட்டைக்கு முன்பே பாதை அறுந்திருந்தது. இருவரும் நடந்தார்கள். வழியில் எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர்ப் பெயராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு வளைவில் ஒருவர், "குருவிமலை மேல்கணக்கும் போயிருச்சாம்" என்றார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. லயம் நின்ற இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. பலா மரம் வேரோடு அறுபதடி கீழே கிடந்தது. ஒரு முனையில் நாலு காம்பராக்களின் சுவர் மிச்சம். ஆட்கள் மண்வெட்டியாலும் தகரத் துண்டாலும் வெறும் கையாலும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மகேஸ்வரன் இடுப்பளவு குழிக்குள் நின்றான்.

காலை எட்டு மணிக்குச் சாவி கேட்கத் துரையின் பங்களாவுக்குப் போயிருக்கிறான். காகிதம் இல்லாமல் திறக்க முடியாது என்று பதில் வந்திருக்கிறது. வாசலிலேயே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது, ஒன்பதரைக்கு, மலையில் பெரிய சத்தம் கேட்டிருக்கிறது.

சுதர்சினி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோண்டத் தொடங்கினாள். நளீம் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். அனுஷியாவை அன்று மாலையே எடுத்தார்கள். விதுஷாவை எடுத்தது மூன்றாம் நாள். மேல்கணக்கில் மொத்தம் பதினான்கு பேர்.

மிஞ்சியவர்களை இரத்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கவைத்தார்கள். சுதர்சினி தினமும் போனாள். சோற்றுப் பார்சல் பிரித்துக் கொடுத்தாள், பெயர் பதிந்தாள். முதல் சில நாள் யாரும் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் நல்லம்மா எழுந்து வந்து எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். அவளுடைய மகனும் மருமகளும் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

"எங்கடி நாகம்மா? நூத்தம்பது வருசமா ஒண்ணும் ஆகல. நீ தூக்கிட்டுப் போய் அஞ்சாம் நாள் மலை எறங்கியிருக்கு. எங்க அது?"

மகேஸ்வரன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். "கொண்டா தங்கச்சி" என்றான்.

மறுநாள் கொண்டுபோனாள். அண்ணனின் சாரத்துண்டிலேயே சுற்றியிருந்தாள். வகுப்பறை மூலையில், கரும்பலகைக்குக் கீழே, அவன் அதைப் பிரித்தான். இரண்டு பாதிகளும் கண்ணாடி போல மினுங்கின. நல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ அழத் தொடங்கினார்கள்.

"உடைக்க மாட்டேன்னியே" என்றான் மகேஸ்வரன்.

"ஆமாண்ணே. பொய் சொன்னேன்." அவள் தரையில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை; எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றே பேசினாள். "ஆனா கல்லால மலை எறங்கல. நான் வெடிப்பப் பாத்தேன். அன்னைக்கே அண்ணி கூட்டிட்டுப் போய்க் காட்டுச்சு. மண்ணு வரும்னு எனக்குத் தெரியும். திங்கக்கெழமை காயிதம் வாங்கித் தாறேன்னு சொன்னேன், வாங்கல. இந்தக் கல்லத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். வியாழக்கெழமை வாங்கப் போனா, இருவது நிமிசத்துல குடுத்தாங்க. இருவது நிமிசம் அண்ணே."

நல்லம்மா தலையை ஆட்டினாள். "காயிதமாம். தெய்வத்த ரெண்டா அறுத்துப்புட்டு இப்ப காயிதம் பேசுறா." மற்றவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். அவள் சொன்னது அவர்கள் காதில் ஏறவே இல்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

மகேஸ்வரன் மட்டும் இருந்தான். அவன் காதில் ஏறியிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றான். "நீ போனப்பறம் அனு சொல்லுச்சு. சுதா வந்து பாத்துட்டா, காயிதம் வாங்கித் தாறேன்னுட்டா, இனிப் பயமில்லன்னு சொல்லுச்சு. அதுவரைக்கும் மழை பேஞ்சா புள்ளயத் தூக்கிட்டு எங்கயாச்சும் போயிருவோம்னு சொல்லிக்கிட்டே இருந்தவ. ஓங்கிட்டக் காட்டுனப்பறம் நிம்மதியாத் தூங்குனா."

சுதர்சினி அவன் காலைப் பிடிக்கப் போனாள். அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"கல்லாலன்னே இருக்கட்டும் தங்கச்சி. சனங்க தெய்வக் குத்தம்னு நெனச்சா, என்னைக்காச்சும் ஒரு பூசை போட்டு ஒன்ன விட்டுருவாங்க. மத்ததச் சொல்லாத. அதுக்குப் பூசை இல்ல." சாரத்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இனி இங்க வராத. ஒன்னப் பாத்தா அனு சொன்னதுதான் ஞாபகம் வருது" என்றான்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். நளீம் வாசலில் ஆட்டோவோடு காத்திருந்தார். அவள் ஏறியதும் வண்டியைக் கிளப்பினார். மாத்தளையில் அவள் இறங்கும்போது, "நான்தான் வெட்டின மிஸ். நீங்க சொன்னது பொய்யெண்டு எனக்கும் விளங்கினதான்" என்றார்.

கல் அந்த வகுப்பறை மூலையிலேயே கிடந்தது. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்க வேண்டியிருந்ததால் சனங்களைக் கூடாரங்களுக்கு மாற்றினார்கள். வகுப்பறையைக் கழுவிச் சுத்தம் செய்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுதர்சினி விசாரிக்கவில்லை. மார்ச்சில் அவளுடைய பதிவு இரத்தானது. பேராசிரியர் கூப்பிட்டு, இன்னும் ஆறு மாதம் அவகாசம் கேட்டு எழுதலாமே என்றார். அவள் எழுதவில்லை. குரக்கன் மணி அளவு குட்டிகளைப் பற்றி இனி ஒரு வரிகூடத் தன்னால் எழுத முடியாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வேலை போனபின் அவள் மாத்தளையைச் சுற்றியிருந்த தோட்டங்களுக்குத் தனியாக ஏறி இறங்கத் தொடங்கினாள். யாரும் அனுப்பவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. ஒவ்வொரு லயத்துக்குப் பின்னாலும் சரிவில் நடந்து பார்த்தாள். வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கல் கசிவு. கண்டதை அன்றன்றே எழுதி, அன்றன்றே அலுவலகத்தில் கொடுத்தாள். சனங்களை இறங்கச் சொல்லும் காகிதங்கள் தாமதமில்லாமல் வந்தன. இருபத்தோரு லயங்களுக்கு வாங்கிவிட்டாள்.

ஏப்ரலில், சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, அப்படி ஒரு காகிதத்தைக் கொடுக்க எல்கடுவைப் பக்கத்து லயம் ஒன்றுக்குப் போனாள். அங்கே தொழிலாளர் தலைவராக இருந்த சசிக்குமார் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான். முப்பது வயதிருக்கும். பின்னால் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கூடினார்கள்.

"நீங்க சொல்றது சரிதான் மிஸ். எங்களுக்கும் தெரியும். ராவுல மண்ணு விழுற சத்தம் கேக்குது" என்றான். "எடத்தக் காட்டுங்க. இப்பவே எறங்குறோம். பதினாறு குடும்பம். எங்க போறது?"

அவளிடம் இடம் இல்லை. மடுவம் இருக்கிறதா என்று கேட்டாள். போன புயலில் கூரை பறந்துவிட்டது என்றார்கள். பள்ளிக்கூடம்? அதுவும் இதே சரிவில்தான். கீழே ஊரில் சொந்தக்காரர் யாராவது? யாரோ சிரித்தார்கள். துரையிடம் கேட்டீர்களா என்றாள். நாலு தடவை, என்றான் சசிக்குமார்.

"இருங்க மிஸ், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று ஒரு பெண் அவளைக் கூப்பிட்டு, காம்பரா வாசலில் பலகை போட்டாள். சுதர்சினி உட்கார்ந்தாள். வெயில் மங்கி, நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த துணிகளைப் பெண்கள் அவசரமாக எடுத்தார்கள். சசிக்குமார் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறு ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன.